ஆர்கானைச் சாட்சி வைத்து நைட்ரஜனைப் பாருங்கள்: வாயுவில் ஃபெம்டோ நொடி ராமன் சிதறல், செய்முறைக் குறிப்பு

வாயு நிரப்பிய கண்ணாடிக் குழலுக்குள் ஃபெம்டோ நொடி (நொடியின் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு) அளவிலான லேசர் பல்ஸை அனுப்பினால் மறுமுனையில் நிறமாலை அகன்று வரும். அகலத்தைப் பார்த்ததுமே "ராமன் சிதறல் கிடைத்துவிட்டது" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது புதிதாக வருபவர்களின் வழக்கம். கொஞ்சம் பொறுங்கள். ராமன் சிதறல் என்றால் ஒளி மூலக்கூறின் சுழற்சியோடோ அதிர்வோடோ ஆற்றலைப் பரிமாறி நிறம் மாறுவது. அகலம் மட்டும் ராமனுக்குச் சாட்சி ஆகாது. தனித்தனி அணுக்களாலான ஆர்கானும் நிறமாலையை நன்றாகவே அகட்டும். ஆனால் ஆர்கானில் சுழல்வதற்கும் அதிர்வதற்கும் ஒன்றுமே இல்லை. அங்கே வரும் அகலத்தில் ராமனின் பங்கு பூஜ்யம்.

அதனால் என் மேசையில் ஒரு விதி உண்டு. நைட்ரஜனில் எடுக்கும் ஒவ்வொரு அளவீட்டுக்கும் அதே அழுத்தத்தில், அதே ஆற்றலில் ஆர்கானில் ஒரு அளவீடு இருந்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ராமன். இந்த ஜோடி வேறு எந்த ஜோடியையும் விட நன்றாகப் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. அறை அழுத்தத்தில் இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் 1.0003-ஐ ஒட்டியே இருக்கும். அயனியாக்க ஆற்றல் ஆர்கானுக்கு 15.76 எலெக்ட்ரான் வோல்ட், நைட்ரஜனுக்கு 15.58. எலெக்ட்ரான் மேகம் உடனடியாகத் தரும் கெர் விளைவு (ஒளியின் செறிவால் ஒளிவிலகல் எண் ஏறுவது) மட்டும் நைட்ரஜனில் ஆர்கானைவிடச் சற்றுக் குறைவு, சுமார் முக்கால் பங்கு. அப்படியானால் நைட்ரஜன் குறைவாகத்தான் அகட்ட வேண்டும். ஆனால் குழலில் நடப்பது நேர்மாறு: நைட்ரஜன் அதிகம் அகட்டும், அதுவும் சிவப்புப் பக்கமாகச் சாய்ந்து அகட்டும். இந்த முரணைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு ராமன் சிதறல் வெறும் பாடமாக இருக்காது.

உள்ளே நடப்பது என்ன

1928 பிப்ரவரி 28 அன்று ராமனும் கிருஷ்ணனும் கண்டது தன்னிச்சையான சிதறல். ஒவ்வொரு மூலக்கூறும் தன் போக்கில் அசைகிறது. அதன்மேல் பட்ட ஒளியில் கோடியில் ஒரு ஃபோட்டான் என்ற அளவில்தான் நிறம் மாறி, எல்லாத் திசையிலும் தெறிக்கிறது. நாம் செய்யப்போவது வேறு. இங்கே பல்ஸின் மின்புலமே மூலக்கூறுகளைப் பிடித்து அசைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடுவதால் எல்லாம் ஒரே தாளத்தில் அசைகின்றன. அப்படி ஒத்து அசையும் வாயுவின் ஒளிவிலகல் எண்ணும் அந்தத் தாளத்திலேயே ஏறி இறங்குகிறது. அதன் ஊடே போகும் ஒளியின் நிறம் மாறுகிறது. மாறிய ஒளி சிதறித் தெறிக்காமல் லேசர் போன திசையிலேயே கற்றையாக வருகிறது. செறிவைக் கூட்டினால் விளைவு நேர்விகிதத்தில் கூடாது, அதைவிட வேகமாகக் கூடும்.

நைட்ரஜன் மூலக்கூறைச் சின்னக் குச்சியாக நினைத்துக்கொள்ளுங்கள். மின்புலம் அதைத் தன் திசைக்குத் திருப்பப் பார்க்கும். குச்சிக்கு நிறை இருப்பதால் உடனே திரும்பாது. பல்ஸின் உச்சம் கடந்துபோகும் நேரத்திலும் அது இன்னும் திரும்பிக்கொண்டேதான் இருக்கும், ஒளிவிலகல் எண்ணும் இன்னும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒளிவிலகல் எண் ஏறும் நேரத்தில் கடக்கும் ஒளி சிவப்புப் பக்கம் நகரும், இறங்கும் நேரத்தில் கடப்பது நீலப் பக்கம் நகரும். ஆர்கானில் எலெக்ட்ரான் மேகம் உடனுக்குடன் பதில் தருவதால் பல்ஸின் முன்பாதி சிவப்புக்கும் பின்பாதி நீலத்துக்கும் போய், நிறமாலை இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விரிகிறது. நைட்ரஜனில் பல்ஸின் பெரும்பகுதி ஏறுமுகத்திலேயே கடந்துவிடுகிறது. சாய்வு வருவது அதனால்தான்.

பல்ஸின் நீளத்தை முதலில் கணக்குப் போடுங்கள்

லேசரை இயக்குவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் போதும். மூலக்கூறின் ராமன் அலை எண், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்ற எண், உங்களிடம் இருக்கும். 33,356-ஐ அந்த எண்ணால் வகுங்கள். வருவதுதான் ஒரு முழு அசைவுக்கான காலம், ஃபெம்டோ நொடியில். ஹைட்ரஜனின் அதிர்வு 4155, காலம் 8 ஃபெம்டோ. நைட்ரஜனின் அதிர்வு 2330, காலம் 14.3. ஆக்சிஜன் 1556, காலம் 21. சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு 775, காலம் 43. சுழற்சிக்கு எண்கள் இதைவிட மிகச் சிறியவை. அறை வெப்பத்தில் நைட்ரஜனின் சுழற்சி வரிகளில் வலுவானவை 60-ஐ ஒட்டி இருக்கின்றன. காலம் 556 ஃபெம்டோ. ஹைட்ரஜன் லேசான மூலக்கூறு, அதனால் சுழற்சியே 354, 587 என்று மேலே இருக்கும்.

இனி பல்ஸை இந்தக் காலத்தோடு ஒப்பிட வேண்டும். மணியை அடித்த கோல் உடனே விலகினால்தான் நாதம் எழும். ஒட்டிக்கொண்டே இருந்தால் மணி ஊமையாகிவிடும். பல்ஸும் அப்படியே. காஸியன் வடிவப் பல்ஸ் என்றால் கணக்கு எளிது. பல்ஸின் அரை உயர அகலத்தை அசைவுக் காலத்தால் வகுத்து, வர்க்கம் எடுத்து, 3.56-ஆல் பெருக்கி, எதிர்க்குறியோடு e-யின் அடுக்காகப் போடுங்கள். வருவது உதையின் பங்கு: அதே ஆற்றலை ஒரு நொடிப்பொழுதில் கொட்டியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உதையில் இது எவ்வளவு என்பது. பல்ஸ் அசைவுக் காலத்தில் மூன்றில் ஒன்று என்றால் 67 விழுக்காடு. பாதி என்றால் 41. காலத்துக்குச் சமம் என்றால் வெறும் 3. அதற்கு மேல் போனால் ஒன்றும் மிஞ்சாது.

என் அமைப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: 1030 நானோமீட்டர் இட்டர்பியம் லேசர், 250 ஃபெம்டோ பல்ஸ், பல்ஸுக்கு 0.5 மில்லிஜூல், நொடிக்கு 1000 பல்ஸ். நைட்ரஜன் சுழற்சியின் 556 ஃபெம்டோவுக்கு எதிரே 250 வைத்தால் ஏறக்குறைய 49 விழுக்காடு வருகிறது. அருமையான பொருத்தம். அதே பல்ஸ் நைட்ரஜனின் 14 ஃபெம்டோ அதிர்வை எழுப்பவே எழுப்பாது. நைட்ரஜன் சுழற்சியைப் பார்க்க 30 ஃபெம்டோ லேசர் வேண்டும் என்று காத்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். குறுகிய பல்ஸ் எல்லாவற்றுக்கும் நல்லது என்பது தவறான எண்ணம். சுழற்சிக்கு 250 ஃபெம்டோவே குறுகியதுதான். சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடின் அதிர்வை எழுப்ப ஆசை இருந்தால் 20 ஃபெம்டோவுக்கு இறங்குங்கள், 46 விழுக்காடு கிடைக்கும்.

குழல், லென்ஸ், ஜன்னல்

250 மைக்ரான் உள்விட்டம், ஒரு மீட்டர் நீளம் கொண்ட ஃபியூஸ்டு சிலிக்கா குழல் ஆரம்பத்துக்குச் சரியாக இருக்கும். இந்த வெற்றுக் குழலில் ஒளி உள்முழு எதிரொளிப்பால் போவதில்லை. சுவரில் சாய்ந்து சாய்ந்து கொஞ்சம் கசிந்துகொண்டே போகிறது. கசிவு அலைநீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஆரத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும் மாறும். நம் அளவுகளுக்கு ஒரு மீட்டரில் 79 விழுக்காடு ஒளி வெளியே வர வேண்டும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும். குழல் துளியும் வளையக்கூடாது. வளைந்தால் முதலில் பலியாவது இந்த எண்தான்.

குழல் வாயில் விழும் ஒளிப்புள்ளியின் ஆரம், குழலின் உள் ஆரத்தில் 0.64 பங்காக இருந்தால் குழலின் அடிப்படை ஒளி வடிவத்துக்குள் ஒளி ஏறக்குறைய முழுதாக நுழையும். 125 மைக்ரான் ஆரத்துக்கு 80 மைக்ரான். 3 மி.மீ. ஆரமுள்ள கற்றையை 75 செ.மீ. குவிய நீள லென்ஸில் விட்டால் 82 மைக்ரான் வரும், போதும். இந்தக் கணக்கை நம்பி லென்ஸை மாட்டினாலும், குவியும் புள்ளியைக் கேமராவில் ஒருமுறை அளந்தே தீருங்கள். நீள்வட்டமான புள்ளியோடு தொடங்கினால் பிறகு பார்க்கும் எதையும் நம்ப முடியாது.

ஜன்னலைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை, ஆனால் இந்தச் சோதனையைக் கெடுக்கும் முதல் பொருள் அதுதான். ஃபியூஸ்டு சிலிக்காவின் கெர் விளைவு ஒரு பார் ஆர்கானைவிடச் சுமார் 2500 மடங்கு. ஒரே செறிவில் ஒரு மி.மீ. கண்ணாடி இரண்டரை மீட்டர் வாயுவுக்குச் சமம்! ஜன்னலைக் குழல் வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் நீங்கள் அளப்பது கண்ணாடியின் இயல்பாகத்தான் இருக்கும். எனவே குழல் முனையிலிருந்து குறைந்தது 50 செ.மீ. தள்ளி வையுங்கள். அங்கே கற்றையின் ஆரம் 2 மி.மீ. ஆகிவிடும், செறிவு 650 மடங்குக்கு மேல் குறைந்திருக்கும். அந்த இடத்தில் 3 மி.மீ. தடிமனுள்ள ஜன்னல் ஒரு சென்டிமீட்டர் சொச்ச வாயு அளவுக்குத்தான் குறுக்கிடும். வெளியேறும் பக்கத்திலும் இதே தூரம் வேண்டும். வாயுவை அடைக்கும் பெட்டி நீளமாகிறதே என்று சுருக்கப் பார்க்காதீர்கள்.

சீரமைத்தல்

1030 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையை எரிக்கும். அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மேசைக்கு அருகே போகாதீர்கள். வாயு நிரம்பிய பிறகு நிறமாலை விரிவதால் அதே கண்ணாடி எல்லா நிறத்தையும் தடுக்காது. ஆகவே நிரப்பிய பின் கற்றையை முழுக்க உறைக்குள் மூடிவிடுங்கள். கைக்கடிகாரம், மோதிரம் கழற்றுங்கள். வாயு சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியில் கட்டுங்கள். நைட்ரஜனும் ஆர்கானும் விஷம் இல்லைதான், ஆனால் மூடிய அறையில் கசிந்தால் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும், மூச்சுத் திணறுவது தெரியாமலேயே மயக்கம் வரும். காற்றோட்டமும் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியும் வேண்டும்.

சீரமைப்பை வெற்றிடத்தில், சில மைக்ரோஜூல் ஆற்றலில் தொடங்குங்கள். குழலுக்கு முன்னும் பின்னும் நுண்துளை வைத்துக் கற்றையின் பாதையைக் குறித்துவிட்டு, குழல் முனைகளை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். வெளியே வரும் ஒளியை அகச்சிவப்பு அட்டையில் பிடித்துப் பாருங்கள். தொடக்கத்தில் புள்ளி புள்ளியாய், பூவிதழ் போல் உடைந்து தெரியும். உள்முனையின் கிடைமட்டத் திருகை மெல்லத் திருப்பினால் இதழ்கள் ஒரு பக்கமாக ஒதுங்கும்; அப்போதே செங்குத்துத் திருகைத் தொட்டால் நடுவில் ஒரு வட்டம் திரளும். வட்டம் வந்ததும் திருகை விட்டு கையை எடுங்கள். அதன் பிறகு கண்ணை நம்பாமல் பவர் மீட்டரை மட்டும் பார்த்துச் செய்யுங்கள். 79 என்பது கணக்கு, நடைமுறையில் 70-ஐத் தாண்டினால் நல்ல சீரமைப்பு. 70-க்குக் கீழே இருந்தால் ஆற்றலைக் கூட்டாதீர்கள், வாயுவும் விடாதீர்கள். குழல் வாயின் விளிம்பில் ஒளி மோதிக்கொண்டிருக்கிறது என்று பொருள், ஆற்றல் கூடினால் அந்த விளிம்பு கருகும்.

வாயுவை விடுதல்

முதலில் ஆர்கான். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரு மில்லிபார் வரை இறக்கி, ஆர்கானால் நிரப்பி, மறுபடி இறக்கி, இப்படி மூன்று முறை கழுவுங்கள். பிறகு ஆற்றலை முழு அளவுக்குக் கூட்டி, கால் பார் கால் பாராக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் வாயு அடங்கக் கொஞ்சம் நேரம் கொடுத்து, நிறமாலையையும் வெளிவரும் திறனையும் சேர்த்தே பதியுங்கள். 0.5 மில்லிஜூல், 250 ஃபெம்டோ என்றால் உச்சத் திறன் 1.9 கிகாவாட். ஆர்கானில் கற்றை தன்னைத்தானே குவித்துக்கொள்ளும் எல்லை ஒரு பாரில் சுமார் 16 கிகாவாட், இரண்டு பாரில் 8. நைட்ரஜனில் சுழற்சியும் சேர்ந்துகொள்வதால் எல்லை இதைவிட நன்றாகவே இறங்கும். ஆகவே இரண்டு பாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆர்கானில் காண வேண்டியது இதுதான்: அழுத்தம் ஏற ஏற நிறமாலை இரு பக்கமும் விரியும், நடுவில் மேடு பள்ளங்கள் தோன்றும், ஆனால் எடையிட்ட சராசரி அதிர்வெண் ஏறக்குறைய அசையாது. நான் வரைபடத்தில் குறிப்பது இந்தச் சராசரியைத்தான். ஆர்கானிலேயே சராசரி நீலப் பக்கம் ஏறி, வெளிவரும் திறனும் குறைந்தால் வாயு அயனியாகிறது. ஆற்றலைக் குறைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

அப்புறம் நைட்ரஜன். அதே மூன்று கழுவல், அதே கால் பார் படிகள். அரை பார் வரை பெரிய வித்தியாசம் தெரியாது. அதைத் தாண்டி ஏற்றும்போது திரையைக் கவனியுங்கள். நிறமாலையின் நீல விளிம்பு ஆர்கானில் நின்ற இடத்துக்குக்கூட வராமல் தயங்கும். சிவப்பு விளிம்பு மட்டும் ஒவ்வொரு படிக்கும் வெளியே வழியும். 1030-ல் இருந்த மேடு கரைந்து, அதன் வலப்புறம் ஒரு புதுத் தோள் எழும். ஒரு பாரைத் தாண்டிய பின் அந்தத் தோளே பிரதான மேடாகலாம். ஆர்கான் கோடு கிடையாகப் போன அதே வரைபடத்தில் நைட்ரஜன் கோடு வளைந்து சிவப்புக்கு இறங்கும். இரண்டு கோடுகளுக்கும் இடையே விரியும் அந்த இடைவெளிதான் நாம் தேடி வந்தது.

இங்கே ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேசையில் சாதாரணமாக இருக்கும் கருவிகளின் உணரி சிலிக்கான். சிலிக்கானின் கண் 1050-க்கு மேல் மங்கி, 1100 நானோமீட்டரில் ஏறக்குறைய மூடிவிடும். ராமன் ஒளி போவதோ அந்தப் பக்கம்தான். சிலிக்கான் கருவியில் பார்த்தால் நைட்ரஜனின் நிறமாலை ஆர்கானுடையதைப் போலவே, ஏன், அதைவிட நீலமாகக்கூடத் தெரியும். ஆகவே இண்டியம் காலியம் ஆர்சினைடு உணரி உள்ள கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டையும் அளவு தெரிந்த ஹாலஜன் விளக்கால் சரிபார்த்து, 1000-ஐ ஒட்டிய பகுதியில் ஒன்றோடொன்று இணையுங்கள். குறுகிய அலைநீளங்கள், கருவிக்குள் நிறம் பிரிக்கும் கீற்றணியின் இரண்டாம் வரிசையில் இரட்டை அலைநீளத்தில் பேயாகத் தோன்றும்; முன்னால் ஒரு வடிகட்டி வைத்தால் மறைந்துவிடும்.

இரண்டாம் சாட்சி: கால் அலைத் தகடு

ஆர்கான் ஒப்பீட்டில் ஒரு சந்தேகம் மிஞ்சலாம். அதைத் தீர்க்க வாயுவை மாற்றவே வேண்டாம், குழலுக்கு முன் ஒரு கால் அலைத் தகடு போதும். தளவிளைவு என்பது ஒளியின் மின்புலம் அசையும் விதம். அதை நேர்கோட்டுத் தளவிளைவிலிருந்து வட்டத் தளவிளைவுக்கு மாற்றினால் எலெக்ட்ரான் வழி வரும் கெர் விளைவு மூன்றில் இரண்டாகக் குறையும். குச்சிகளைத் திருப்புவதால் வரும் பங்கோ நான்கில் ஒன்றாக விழும். ஆர்கானில் தகட்டைச் சுழற்றினால் அகலம் மிதமாகக் குறைவதையும், நைட்ரஜனில் சிவப்புச் சாய்வு சட்டென்று ஒடுங்குவதையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். இவ்வளவு மலிவான, இவ்வளவு தெளிவான சோதனை இந்தத் துறையில் குறைவு. இதை விட்டுவிட்டு வெளியாகும் அளவீடுகளைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மூன்றாம் சாட்சி: மறுகூடல்

இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பல்ஸ் போன பிறகும் மூலக்கூறுகள் சுழன்றுகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால் சீக்கிரமே ஒழுங்கு கலைந்துவிடும். ஆனால் சுழற்சி வேகங்கள் குவாண்டம் விதிப்படி படிப்படியானவை. நைட்ரஜனில் எல்லாத் தாளங்களும் ஒரே அடிப்படை எண்ணின் மடங்குகள். ஆகவே 8.38 பைக்கோ நொடி (ஒரு பைக்கோ நொடி ஆயிரம் ஃபெம்டோ நொடி) கழித்து எல்லாம் மறுபடி ஒரே நேரத்தில் ஒரே திசைக்குத் திரும்புகின்றன. பாதி நேரத்தில், 4.19 பைக்கோவில், எதிர்த்திசையில் ஒரு மறுகூடல் நடக்கும். ஒரு பார் நைட்ரஜனில் மோதல்கள் இந்த ஒழுங்கை அழிக்க 100 பைக்கோ நொடி அளவு ஆகும் என்பதால் பல மறுகூடல்களைத் தொடர்ந்து பார்க்கலாம்.

இதைப் பார்க்க லேசரில் கொஞ்சத்தைப் பிரித்து, பிபிஓ படிகத்தில் 515 நானோமீட்டர் பச்சையாக மாற்றி, நகரும் மேடை வழியாகத் தாமதப்படுத்தி, அதே குழலுக்குள் வலுவில்லாமல் அனுப்புங்கள். பச்சையும் அகச்சிவப்பும் வாயுவில் கொஞ்சம் வெவ்வேறு வேகத்தில் போகும். ஆனால் ஒரு மீட்டரில் அந்த விலகல் மறுகூடலின் அகலத்தைவிடச் சிறியது, பயப்பட வேண்டாம். மேடையை நகர்த்திக்கொண்டே பச்சையின் நிறமாலையைப் பதியுங்கள். ஒளி போய் வருவதால் மேடை நகர்வு பாதித் தூரமே: பாதி மறுகூடலுக்கு 0.63 மி.மீ., முழு மறுகூடலுக்கு 1.26 மி.மீ. அந்த இடங்களில் பச்சை வரி பலமாக ஒரு பக்கம் சாய்ந்து, உடனே மறுபக்கம் சாயும். கால் மறுகூடல்களில் மெல்லிய அசைவு தெரியலாம், மற்ற இடங்களில் ஏறக்குறைய அசையாது நிற்கும். ஒளிவிலகல் எண் ஏறும் சரிவில் சிவப்பு, இறங்கும் சரிவில் நீலம். ராமன் நகர்வு சிவப்புக்கு மட்டும்தான் என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த நீலச் சாய்வைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சுழலும் மூலக்கூறு தன் ஆற்றலை ஒளிக்குத் திருப்பித் தரும் காட்சி அது.

இதில் இன்னொரு பயனும் உண்டு. ஆக்சிஜனின் மறுகூடல் 11.6 பைக்கோவில் வரும், மேடையில் 1.74 மி.மீ. நைட்ரஜன் மட்டும் இருக்க வேண்டிய குழலில் அந்த இடத்தில் பச்சை அசைந்தால் காற்று கசிந்து உள்ளே வந்திருக்கிறது. இணைப்புகளின் வளையங்களைச் சரிபாருங்கள்.

வேறு வாயுக்கள், வேறு தேவைகள்

தொடர்ச்சியான விரிவு வேண்டாம், தனித்தனி வரிகளாக வேண்டும் என்றால் பல்ஸை வேண்டுமென்றே நீட்டுங்கள். லேசரில் பல்ஸைச் சுருக்கும் பகுதியான கம்ப்ரஸரின் கீற்றணி இடைவெளியை மாற்றிப் பல பைக்கோ நொடிக்குக் கொண்டுபோனால் உதைக்கும் வேலை நின்று, தூண்டப்பட்ட ராமன் சிதறல் இரைச்சலிலிருந்து வளரத் தொடங்கும். ஹைட்ரஜனில் 1030-லிருந்து அதிர்வு வழி முதல் ஸ்டோக்ஸ் வரி (ஆற்றலை இழந்து சிவப்புக்கு நகர்ந்த ராமன் வரி) 1800 நானோமீட்டரிலும், 587 என்ற சுழற்சி வழி 1096 நானோமீட்டரிலும் வரும். சுழற்சி வரியை விரும்பினால் இங்கே வட்டத் தளவிளைவு வையுங்கள். ஸ்டோக்ஸ் ஒளி எதிர்ச் சுழற்சியில் வளரும்போது பெருக்கம் நேர்கோட்டைவிட ஒன்றரை மடங்கு. முந்தைய சோதனையில் வட்டத் தளவிளைவு ராமனை ஒடுக்கியது, இங்கே வளர்க்கிறது. பல்ஸ் தன்னைத்தானே நகர்த்துவதும் புதிய வரி ஒன்று வளர்வதும் வேறு வேறு வேலைகள் என்பதுதான் காரணம். ஹைட்ரஜன் எரியும் வாயு, தனிக் குழாய், கசிவு உணரி, வெளியேற்றும் வழி எல்லாம் இல்லாமல் தொடாதீர்கள். சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு வீரியமான பசுமைக்குடில் வாயு. திறந்து விடாமல் திரும்பச் சிலிண்டரில் பிடியுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு நைட்ரஜனைவிட மெதுவாகச் சுழல்கிறது, மின்புலத்துக்கு அதிகம் இசைகிறது. 2020-ல் இந்த வாயுவை நிரப்பிய குழலில் இட்டர்பியம் லேசரின் நீண்ட பல்ஸையே ஓர் ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிக்கும் அகலம்) மேல் விரித்துக் காட்டினார்கள்.

துடிப்பு வேகத்தை, அதாவது நொடிக்கு வரும் பல்ஸ் எண்ணிக்கையை, கூட்டும் ஆசை வரும்போது வெப்பத்தை நினையுங்கள். சிவப்புக்கு நகர்ந்த ஒவ்வொரு ஃபோட்டானும் விட்டுப்போன ஆற்றல் மூலக்கூறின் சுழற்சியில் தங்கி, மோதல்களில் வெப்பமாகிறது. நொடிக்கு 1000 பல்ஸில் இது தெரியாது. பல பத்தாயிரங்களுக்குப் போகும்போது குழல் வாயில் வாயு சூடாகி, கற்றை மெல்ல விலகத் தொடங்கும். ஆர்கானில் இதே துடிப்பு வேகத்தில் விலகல் இல்லை என்றால் காரணம் ராமன் வெப்பமே, ஒளியைத் திருப்பும் ஆடிகளின் பொருத்திகளைத் திருகிப் பயனில்லை. துடிப்பு வேகத்தையோ அழுத்தத்தையோ குறைக்க வேண்டும்.

விரிந்த பல்ஸைச் சுருக்கப் போகிறீர்கள் என்றால் கண்ணாடிகளை வாங்கும் முன் நிறமாலையின் புதிய மையத்தைப் பாருங்கள். 1270 நானோமீட்டர் வரை ஃபியூஸ்டு சிலிக்கா பல்ஸை நீட்டும் பக்கமே நிற்கும், ஆகவே சிர்ப்டு கண்ணாடிகள் (நிறத்துக்கு நிறம் வேறு தாமதம் தந்து பல்ஸைச் சுருக்கும் ஆடிகள்) வேண்டும். அவற்றை 1030-க்கு என்று கேட்டு வாங்காதீர்கள், நகர்ந்த மையத்துக்கும் சிவப்பு விளிம்புக்கும் சேர்த்துக் கேளுங்கள். மையமே 1270-ஐத் தாண்டிப் போயிருந்தால் சில மில்லிமீட்டர் ஃபியூஸ்டு சிலிக்கா ஆப்புத் தகடுகளே சுருக்கிவிடக்கூடும். தகட்டை உள்ளே தள்ளித் தள்ளி, பல்ஸின் வடிவத்தை அளக்கும் ஃப்ராக் கருவியில் ஒவ்வொரு தடிமனுக்கும் அளவெடுங்கள். அப்போதும் அதே அழுத்தத்தில் ஆர்கானுக்கான பதிவு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.